எள்ளை விற்பதா, எள்ளுமிட்டாயை விற்பதா?

எள்ளை விளைவிப்பவர் அதனை எள்ளாகவே விற்றுவிடுகிறார். வாங்கிய வியாபாரி அதைச் சலித்து, கல்லும் மண்ணும் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, முன்னிலும் உயர்ந்த விலைக்கு விற்கிறார். பின்னர் வேறொருவர் அதே எள்ளை வறுத்து, வெல்லப்பாகில் கலந்து, உருண்டையாகவோ வில்லையாகவோ செய்து காகிதத்தில் சுற்றி விற்கிறார். இம்மூன்று படிகளுள் வெயிலும் மழையும் பூச்சியும் நோயும் தாங்கவேண்டிய படி முதலாவது ஒன்றே. ஊதியம் குறைந்த படியும் அதுவே. இந்நிலை விதியால் ஏற்பட்டதன்று. விளைவிப்போர் இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் தமக்கு உரியவையல்ல என்று விட்டுவிட்டமையால் ஏற்பட்டது. அவ்விரு படிகளிலும் விவசாயிகள் கூட்டாக அடியெடுத்து வைத்தல் வேண்டும் என்பதும், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பிரதேசத்தைச் சார்ந்த மணிமங்கலம் முதலிய கிராமங்களுக்கு அதற்கேற்ற சந்தை அருகிலேயே அமைந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

எள்ளின் தொன்மை

எள் நமது நாட்டுக்கு எவ்வளவு உரியது என்பதற்கு நமது பாஷையே சாட்சி. எள்ளின் நெய் எண்ணெய். இன்று நிலக்கடலை, தேங்காய், சூரியகாந்தி ஆகிய எதிலிருந்து எடுப்பதையும் எண்ணெய் என்றே சொல்லுகிறோம். மண்ணிலிருந்து கிடைப்பதையும் மண்ணெண்ணெய் என்கிறோம். ஒரு தானியத்தின் பெயர் ஒரு பெரும் பொருள் வகைக்கே பெயராக நிலைத்துவிட்டதென்றால், முன்னோர் வாழ்க்கையில் அத்தானியம் வகித்த இடத்தை ஊகித்துக் கொள்ளலாம். சிந்து நதிப் பிரதேசத்து ஹரப்பாவில் நடந்த அகழ்வுகளில், ஏறத்தாழ 4000 வருஷங்களுக்கு முற்பட்ட கருகிய எள் கிடைத்திருக்கிறது. மெசபொத்தேமியரின் பழைய லிகிதங்களில் ஒருவகை எண்ணெய்க்கு வழங்கிய ‘எல்லு’ என்னும் சொல்லுக்கும் நமது எள்ளுக்கும் உறவு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் கோயில் விளக்கெரிக்க எண்ணெய் அளக்கும் பொறுப்பேற்ற சங்கரப்பாடியார் என்னும் எண்ணெய் வாணிகரின் பிரஸ்தாபம் வருகிறது.

எண்ணெய்க்கு அடுத்தபடியாக எள்ளுக்குப் பெருமை சேர்த்தது வெல்லத்துடன் அதற்குள்ள சேர்க்கை. எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய புரதம். தோல் நீக்காத எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதில் பெரும்பகுதி தோலிலேயே இருக்கிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழி அனுபவத்தில் பிறந்தது. சனிக்கிழமை நைவேத்தியத்திலும் நவராத்திரியிலும் எள்ளுருண்டைக்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் எள்ளை வறுத்து இடித்து எள்ளுப்பாகு செய்கின்றனர். இலங்கையில் சிங்களர் ‘தலகுலி’ என்று வழங்கும் எள்ளுருண்டை, மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் சுற்றப்பட்டு, கண்டி மார்க்கத்திலுள்ள சாலையோரக் கடைகளில் பிரயாணிகளுக்கு விற்கப்படுகிறது. வட நாட்டில் மகர சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் வழங்குவது பெருவழக்கு. பீஹாரில் கயை நகரம் எள்ளை இடித்துச் செய்யும் ‘தில்குட்’ என்னும் பண்டத்துக்குப் பேர்பெற்றது. மத்தியப் பிரதேசத்து மொரேனா நகரின் ‘கஜக்’ என்னும் எள்ளுமிட்டாய் 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது.

பண்டம் நாடெங்கும் ஒன்றேயாயினும் பேர்பெற்ற ஊர்கள் சிலவே. எள்ளும் வெல்லமும் எல்லா ஊரிலும் கிடைப்பவை. எள்ளுருண்டை செய்யத் தெரிந்த கைகளும் ஊர்தோறும் இருக்கின்றன. எனினும் ஓர் ஊரின் பண்டத்துக்கு மட்டும் மதிப்பு உண்டாவது ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

கோவில்பட்டி காட்டும் வழி

தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த கோவில்பட்டி கரிசல் பூமி. மானாவாரி விவசாயத்துக்கென 1901-ஆம் வருஷத்திலேயே அங்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது என்பதிலிருந்து அம்மண்ணின் தன்மையை அறியலாம். இந்த ஊரின் பெயரை நாடறியச் செய்தது கடலைமிட்டாய். 1940-களில் மளிகைக் கடை நடத்திவந்த பொன்னம்பல நாடார் என்பவர் இத்தொழிலுக்கு வித்திட்டார் என்பது அவ்வூரார் கூறும் வரலாறு. முதலில் கருப்பட்டிப் பாகிலும், பிற்பாடு கரும்பு வெல்லப் பாகிலும் செய்யப்பட்டது. உடைத்த கடலையைப் பதமறிந்த பாகில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, சமமாகத் தேய்த்து, வில்லைகளாக வெட்டி, மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவுவது அவ்வூர் வழக்கம். அதே அடுப்பிலும் அதே தட்டிலும் எள்ளுமிட்டாயும் செய்யப்படுகிறது. ஆகையால் கடலைமிட்டாயின் சரித்திரம் எள்ளுக்கும் பாடமாகும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதன்கீழ் இந்தியாவில் முதன்முதல் பதிவானது 2004-ல் டார்ஜிலிங் தேயிலை. கோவில்பட்டி வட்டாரக் கடலைமிட்டாய் உற்பத்தியாளரும் சில்லறை வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்தின் சார்பில் 2014-ல் விண்ணப்பம் செய்யப்பட்டது. 2020 ஏப்ரல் மாதம் குறியீடு கிடைத்தது. ஆறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் அஞ்சல் இலாகாவாரும் இம்மிட்டாயைத் தபாலாபீசுகளில் பதிவுசெய்துகொண்டு வீடுகளுக்குச் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தனர்.

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, குறியீடு பெயரை உண்டாக்கவில்லை. ஏறத்தாழ எழுபது எண்பது வருஷகாலம் ஒரே விதமான பதத்தையும் ருசியையும் காத்துவந்த கைகள் உண்டாக்கிய பெயரைக் குறியீடு வேலியிட்டுக் காத்தது; அவ்வளவே. நேற்றுத் தொடங்கிய பண்டத்துக்கு நாளைக் குறியீடு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் வேலியை முதலில் கட்டிப் பயிரைப் பின்னர்த் தேடுகிறவர்கள். இரண்டாவது, ஒருவருக்கொருவர் போட்டியாக விற்பவர்களும் பொதுப்பெயர் என்ற ஒன்றின் பொருட்டு ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள். மூன்றாவது, விவசாயிகளாகிய நமக்கு முக்கியமானது: அச்சங்கத்தின் பெயரில் உற்பத்தியாளரும் வியாபாரியும் இருக்கிறார்கள், கடலை பயிரிடுபவர் இல்லை. கோவில்பட்டியார்மீது இது குறையாகாது. தொழில் செய்தவர்கள் தம் தொழிலைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் மிட்டாயின் மதிப்பு உயர்வதால் மட்டும் கடலையின் விலை உயர்ந்துவிடாது என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும்.

இதற்கு மாறான உதாரணம் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் குறியீடு பெற்ற பால்கோவாவைத் தனி வியாபாரிகள் மட்டுமன்றி, பால் ஊற்றுவோரின் கூட்டுறவுச் சங்கமும் செய்து விற்கிறது. பாலைக் கொண்டுவந்து ஊற்றும் வீட்டாருக்கும் பால்கோவாவுக்கும் சம்பந்தம் அறுந்துபோகவில்லை. எள் விளைவிப்போர் பின்பற்றத்தக்கது இந்த ஏற்பாடே.

நம்பிக்கை என்னும் மூலதனம்

பெயரைச் சம்பாதிப்பதற்குப் பல வருஷங்கள் ஆகும். இழப்பதற்கு ஒரே பருவம் போதும். 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு என்னும் வாயுமருந்தின் மிச்சம் அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்தது. எள்ளிலுள்ள நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்காக அது பிரயோகிக்கப்படுவது. ஐரோப்பாவிலோ உணவுப் பொருளில் அதற்கு அனுமதியில்லை. எள் தூவிய ரொட்டியும் பிஸ்கோத்தும் பல நாட்டுக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவ்வருஷம் அக்டோபர் முதல் இந்திய எள்ளுக்கு எல்லையில் விசேஷப் பரிசோதனையும் அத்தாட்சிப் பத்திரமும் விதிக்கப்பட்டன. மருந்தைக் கண்ணால் பார்த்தறியாத விவசாயியின் எள்ளும் இந்திய எள் என்ற ஒரே பெயரில் சந்தேகத்துக்கு ஆளாயிற்று.

கிருமியும் அழுக்கும் களத்திலேயே சேராதிருந்தால் பின்னால் மருந்துக்கு அவசியம் குறைவு. ஆகையால் நம்பிக்கை என்பது மிட்டாய்க் கடையில் தொடங்குவதன்று, அறுவடைக் களத்தில் தொடங்குவது. ‘எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது’ என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிக்கிறோம். நமது களங்களில் இரண்டும் சேர்ந்தே காய்வதை மட்டும் கவனிப்பதில்லை.

மணிமங்கலத்துக் கணக்கு

மணிமங்கலம் பழம்பெருமை வாய்ந்த ஊர். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் இதுவும் ஒன்று. இவ்வூர் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் காலத்துச் சாஸனங்கள் இருக்கின்றன. இங்குள்ள பெரிய ஏரி அடையாற்றின் நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தது. இப்பக்கத்துப் பிரதானப் பயிர் நெல், அடுத்தது நிலக்கடலை. எள்ளுக்கு இவ்வூர் பேர்பெற்றதன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் சம்பா அறுவடைக்குப் பின், இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் போதாத வயல்களில், மாசிப் பட்டத்து எள் 85 முதல் 90 நாளில் முடிந்துபோகும் சிக்கனமான பயிர். விதை ஏக்கருக்கு 2 கிலோ போதும்.

சந்தையோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி 1998-லும், ஒரகடத்தில் ரெனோ – நிசான் கம்பெனி 2010-லும் வண்டி உற்பத்தியைத் தொடங்கின. இவற்றைச் சூழ உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் அநேகம் ஏற்பட்டுவிட்டன. வெளியூர்களிலிருந்தும் வட மாகாணங்களிலிருந்தும் வந்த இளைஞரும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இங்கு வேலை பார்க்கின்றனர். பெரிய தொழிற்சாலைகளில் கான்டீன் உண்டு. ஷிப்டு நடுவில் தேநீரோடு ஏதேனும் ஒரு பண்டம் தரப்படுகிறது. அது பெரும்பாலும் மைதா பிஸ்கோத்தாகவோ எண்ணெயில் பொரித்ததாகவோ இருக்கும்.

ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில், வாரத்துக்கு ஒருநாள் மாத்திரம், ஆளுக்கு 20 கிராம் எடையுள்ள எள்ளுமிட்டாய் ஒன்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,60,000 மிட்டாய். எடை 5,200 கிலோ. எள்ளும் வெல்லமும் சம எடையாகச் சேர்த்து, சலிப்பிலும் வறுப்பிலும் பாகிலும் ஏற்படும் சேதம் போக, 300 கிலோ எள்ளுக்கு 550 கிலோ மிட்டாய் காணும் எனக் கொண்டால், வேண்டிய எள் சுமார் 2,850 கிலோ. இறவையில் நல்ல கவனிப்புடன் ஏக்கருக்கு 300 கிலோ விளைந்தால் இதற்குத் தேவையான நிலம் ஒன்பதரை ஏக்கர். அதாவது, ஒரே தொழிற்சாலையில் வாரம் ஒருநாள் தேநீர் வேளை, பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தின் எள்ளை வருஷம் முழுவதும் வாங்கிக்கொள்ளும். கப்பலேற்றும் யோசனையும் பட்டணத்துப் பெரிய கடைகளோடு போட்டியும் நமக்கு ஆரம்பத்தில் வேண்டியதில்லை. ஒரு கிராமம், ஒரு கான்டீன் என்ற அளவே போதுமானது.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். மத்திய சர்க்கார் எள்ளுக்கு அறிவித்த ஆதரவு விலை 2024–25 பருவத்தில் குவிண்டாலுக்கு 9,267 ரூபாய். 2025–26-ல் 9,846 ரூபாய். இவ்விலைக்கு 300 கிலோ எள்ளின் மதிப்பு 29,538 ரூபாய். எள்ளாக விற்றால் வரவு அதனோடு முடிந்தது; அதிலிருந்து உழவு, களை, அறுப்பு எல்லாம் போகவேண்டும். மிட்டாயாக்கினால் அதே ஏக்கரின் எள் 20 கிராம் மிட்டாய்கள் 27,500 ஆகிறது. மிட்டாய் ஒன்றுக்கு, வெல்லம், விறகு, கூலி, காகிதம், வண்டிச் செலவு யாவும் போக, ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அம்மிகுதி ஏறத்தாழ எள்ளின் விலைக்குச் சமானமாகிவிடும். இதில் மிஞ்சுவது எவ்வளவு என்பது செய்வோரின் சிக்கனத்தைப் பொறுத்தது. முதலில் சிறிய அளவில் செய்து, செலவைக் காசு காசாக எழுதி வைத்துப் பார்த்த பின்னரே கான்டீனுக்கு விலை சொல்லவேண்டும்.

களம் முதல் பாகு வரை

நல்ல மிட்டாய்க்கு நல்ல எள் வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய டி.எம்.வி. ரகங்கள் பழுப்பு அல்லது கறுப்பு விதை உடையவை. எஸ்.வி.பி.ஆர். 1 என்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரகம் வெள்ளை விதை உடையது. உருண்டைக்குக் கறுப்பும் வில்லைக்கு வெள்ளையும் எடுப்பானவை. எதுவாயினும் ஒரு களத்தில் ஒரு ரகமே இருத்தல் அவசியம். ஈரோடு ஜில்லா சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கறுப்பு, சிவப்பு என்று எள் தனித்தனியே ஏலம் போகிறது. கலந்த எள்ளுக்கு மதிப்பில்லை.

எள் தேங்கும் நீரைச் சகியாது. ஏரிக்கீழ் வயலில் வடிகால் எடுத்த பின்னரே விதைக்கவேண்டும். விதை சிறிதாகையால் மணலுடன் கலந்து தூவி, 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் பயிர் கலைத்து, செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடவேண்டும். கீழிலைகளில் காற்பங்கு உதிர்ந்து, அடிக்காய்கள் எலுமிச்சை நிறம் கொண்டதும் அறுத்துவிடவேண்டும். மேற்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து, விளைந்த எள் மண்ணுக்குப் போய்விடும். அறுத்த செடிகளின் தலை உள்ளேயும் அடி வெளியேயும் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோலால் மூடி, மூன்று நாள் கழித்து உலுக்கினால் முதல்நாளிலேயே முக்கால் பங்கு எள் கொட்டிவிடும். இதனைத் தார்ப்பாய்மீது செய்யவேண்டும். தார்ச்சாலையில் பரப்பி வண்டிகள் ஏற விடுவது மிட்டாய்க்காகும் எள்ளுக்கு ஒருபோதும் தகாது. சாலையில் ஒட்டிய நுண்மணல் எத்தனை சல்லடையிலும் போகாது. வாயிலிட்டவர் பல்லில்தான் அது தெரியும். அப்படி ஒருமுறை தெரிந்துவிட்டால் அவர் மறுமுறை வாங்கமாட்டார்.

வெல்லத்திலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை உயர்ந்ததென்று வாங்கும் வழக்கம் பரவிவிட்டது. அந்நிறம் பல இடங்களில் வெளுப்பு மருந்தினால் வருவது. சீனி கலப்பதும் உண்டு. கருத்த வெல்லத்தை நம்பிக்கையான ஆலையிலிருந்து நேரே வாங்கி, பாகை வடிகட்டி உபயோகிப்பதே சிலாக்கியம். எள்ளைக் கழுவி உலர்த்தி, பொரிந்து வெடிக்கும் ஓசை அடங்கும் சமயம் இறக்கிவிடவேண்டும், தாண்டினால் கசக்கும். பாகை நீரில் விட்டு உருட்டினால் கல்போல் ஆகி, தட்டில் போட்டால் ஓசை கேட்கவேண்டும். இளம்பாகில் செய்தது இரண்டொரு நாளில் நெகிழ்ந்துவிடும். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்வதை உடனுக்குடன் காற்றுப்புகாமல் கட்டிவிடவேண்டும். அல்லது அம்மாதங்களில் குறைவாகச் செய்யவேண்டும். சுக்கும் ஏலமும் ருசிக்குச் சேர்க்கலாம். சாயம் வேண்டாம்.

உறையின்மீது எடை, செய்த தேதி, சேர்மானம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருத்தல் சட்டப்படி அவசியம். சிலருக்கு எள்ளும் நிலக்கடலையும் ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். அமெரிக்காவில் 2021-ல் செய்த சட்டப்படி, 2023 ஜனவரி முதல் எள்ளை ஒவ்வாமைப் பொருளாக உறையில் குறிப்பது கட்டாயமாயிற்று. பல நாட்டு அதிகாரிகள் மேற்பார்வையிடும் கம்பெனிக் கான்டீனில் இவ்விஷயம் முதலிலேயே கேட்கப்படும். நாமே முந்திக்கொண்டு பெரிய எழுத்தில் அச்சிடுவது மதிப்பைத் தரும்.

சில ஆட்சேபங்கள்

நிலத்தின் விலை இவ்வளவு ஏறியிருக்கும் இப்பிரதேசத்தில் யார் எள் விதைப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. எள்ளின் வருமானம் மனை விலைக்கு ஈடாகாது. ஆனால் நிலமுடையோர் யாவரும் இவ்வருஷமே விற்றுவிடப் போவதில்லை. வாங்குபவர் வரும்வரை நிலம் கருவேல முள்ளடர்ந்து கிடப்பதற்கு, வருஷத்தில் மூன்று மாதம் பயிர் ஏறியிருப்பது மேல். ஏரிப்பாசனத்தில் ஒருவர் வயலைத் தரிசாக விட்டால் கெடுவது அவர் வயல் மாத்திரமன்று. பயிர் செய்பவர் குறையக் குறைய வாய்க்கால் வெட்டுவார் குறைவர். மதகும் கலங்கலும் கேட்பாரற்றுப் போகும். போக்குக்கால்கள் தூர்ந்து ஆக்கிரமிப்புக்கு ஆளாகும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகளில் புகுந்ததை இப்பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பயிரிருக்கும் வயலுக்கு ஒரு சொந்தக்காரர் தினந்தோறும் வருகிறார்; அவர் கண் வாய்க்கால்மீதும் விழுகிறது. எள்ளின் லாபக் கணக்கில் இதனையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஆள் கிடைக்கவில்லை என்பது இரண்டாவது ஆட்சேபம். தொழிற்சாலை தரும் சம்பளத்தை வயல் தர இயலாதென்பது உண்மை. ஆனால் தொழிற்சாலை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இளவயதினரையே. நாற்பது வயது கடந்த பெண்கள் பலர் ஊரிலேயே இருக்கிறார்கள். மிட்டாய் செய்யும் வேலை நிழலில் நடப்பது. எள்ளுருண்டையின் பதம் அவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். அவ்வித்தைக்குக் கூலி கொடுத்து மதிக்க ஒருவர் முன்வரவில்லை என்பதே குறை.

மூன்றாவது, கம்பெனிக் கான்டீன்கள் கிராமத்துச் சரக்கை ஏற்குமா என்பது. அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் கான்டிராக்டர்கள். அவர்கள் கேட்பது ருசியை மட்டுமன்று. சொன்ன தேதியில், சொன்ன எடையில், சொன்ன எண்ணிக்கையில் சரக்கு வரவேண்டும் என்பதையே முதலில் கேட்பார்கள். நமது கிராமங்கள் தோற்பதும் ருசியிலன்று, தேதியில்தான். இதற்காகவே தனி ஒருவர் முயல்வதைவிடப் பத்துப்பேர் சேர்வது நலம் என்று வற்புறுத்துகிறோம். ஒருவர் வீட்டில் கலியாணம் என்றால் அன்று கான்டீனுக்கு மிட்டாய் இல்லை என்று சொல்லும்படி இருக்கலாகாது.

செய்யத்தக்கவை

வரும் மாசிப் பட்டத்துக்கு முன், மணிமங்கலம் போன்ற கிராமம் ஒவ்வொன்றிலும் பத்து ஏக்கருக்குக் குறையாமல் ஒரே ரக எள் விதைக்க இசைபவர்களை ஒன்றுசேர்க்கவேண்டும். இவர்கள் அருகிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் அங்கத்தினராகலாம். எள்ளை நிறுவனம் சந்தை விலைக்கு எடுத்துக்கொண்டு, மிட்டாய் விற்ற லாபத்தில் எள்ளின் எடைக்குத் தக்கபடி வருஷ முடிவில் மறுபங்கு கொடுக்கவேண்டும். இந்த மறுபங்கு ஏற்பாட்டை எழுத்தில் வைக்காவிட்டால், விளைவிப்பவர் பழைய முதற்படியிலேயே நின்றுவிடுவார். மிட்டாய் செய்யும் பொறுப்பை ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு ஏற்கலாம். அவர்களுக்குக் கூலியோடு பங்கும் உண்டென்பது தெளிவாயிருத்தல் நலம்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்யத்தக்கது அதிகச் செலவில்லாதது. எள் உலர்த்த ஒரு சிமெண்டுக் களத்தையும், அறுவடைக் காலத்தில் தார்ப்பாய்களையும் ஏற்பாடு செய்யலாம். உபயோகமற்றுக் கிடக்கும் பொதுக் கட்டிடம் ஒன்றை, தண்ணீரும் வெளிச்சமும் உள்ளதாகப் பார்த்து, மிட்டாய்ச் சாலைக்கு வாடகைக்கு விடலாம். நிலக் கணக்கில் எள் சாகுபடியை உள்ளபடி பதியவேண்டும். பயிர் கணக்கில் ஏறாவிட்டால் பயிர்க்காப்பு, நஷ்ட ஈடு ஒன்றும் கிட்டாது. சிறு உணவுத் தொழில்களுக்கென மத்திய சர்க்கார் 2020-ல் தொடங்கிய திட்டத்தில், பாங்கிக் கடனோடு சேர்ந்து முதலீட்டில் 35 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் மானியம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய உதவி நடப்பு வருஷத்தில் எந்நிலையில் இருக்கிறதென்று ஜில்லா வேளாண் விற்பனை ஆபீசில் விசாரித்து ஊராருக்குத் தெரிவிப்பது அதிகாரிகள் கடமை. ஆனால் மானியத்தை நம்பி யந்திரம் வாங்கிப் பின்னர்ச் சந்தை தேடுவது தலைகீழான வழி. முதல் வருஷம் அடுப்பும் வாணலியும் தராசும் போதும். ஒரு கான்டீனின் ஒப்பந்தம் கையில் வந்து, ஒரு வருஷம் தேதி தவறாமல் சரக்கு அனுப்பிய பின்னர் யந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

புவிசார் குறியீடுகளைப் பதியும் ஆபீசு சென்னைக் கிண்டியிலேயே இருக்கிறது. மணிமங்கலத்திலிருந்து ஒரு பஸ் பிரயாணத் தூரம். ஆயினும் அங்கு செல்ல அவசரப்பட வேண்டாம். கோவில்பட்டியாருக்கு அவ்வாசல் திறந்தது அவர்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து பதம் தவறாததால். நாம் இவ்வருஷம் செய்யவேண்டியது எளியது: களத்தில் மணல் சேராத எள், வெளுக்காத வெல்லம், குறையாத எடை, தவறாத தேதி, விளைவித்தவருக்கு மறுபங்கு. இவ்வைந்தும் ஓர் ஊரில் பத்து வருஷம் நிலைத்திருந்தால் ஊரின் பெயரை மிட்டாய் உண்பவர்களே பரப்புவார்கள். சம்பா அறுவடை முடிந்து கிராமத்தில் கூட்டம் கூடும்போது, எள் விதைக்க இசைபவர் பெயரும் சர்வே எண்ணும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப்புத்தகத்துடன் அதிகாரிகள் வருவார்களாயின் காரியம் தொடங்கியதாகும்.